பதினாலாம் நம்பர் சீட்டு

செக்கரக்காவுக்குக் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளின் தோள் தையலைப் புரட்டிப் பார்த்து, "நூல் விட்டிருக்கு பாரு, நாலு பேர் கண்ணுல படறதுக்குள்ள ஒரு முடிச்சுப் போட்டுக்கோ" என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெண் அப்புறம் சாப்பாட்டுக்கு இவள் பக்கத்தில் உட்கார மாட்டாள். "இவளைக் கூட்டிக்கிட்டு ஒரு நல்ல காரியத்துக்குப் போக முடியுதா? விட்டா மாப்பிள்ளையையே திருப்பிப் போட்டுத் தையல் பாப்பா" என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், எல்லாருக்கும் பஸ்காரர். பத்தொன்பது வருஷம் கம்பெனிகளில் செக்கராகத் துணி சோதித்த கை அவளுடையது, வேறு என்ன செய்யும்?

அந்தக் கைதான் அவளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ரெண்டுபட்டது ஊர் இல்லை, இரண்டு பெரிய நாடுகள். கப்பல் கப்பலாகச் சரக்கு வாங்கிக்கொண்டிருந்த நாடு, விற்கிற நாட்டோடு முறைத்துக்கொண்டு, "உன் துணி என் கரையில் இறங்கினால் இவ்வளவு வரி" என்று தலையில் அடித்த மாதிரி ஒரு வரியைப் போட்டது. அடி வாங்கின நாட்டு முதலாளிகள் சும்மா இருப்பார்களா? வரி இல்லாத இடமாகப் பார்த்து இங்கே வந்து ஷெட் போட்டார்கள். ரிப்பன் வெட்டினார்கள். அந்நிய முதலீடு வந்துவிட்டது என்று பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டார்கள். அறுநூறு பேருக்கு வேலை கிடைத்தது. அதுவரை காலியாகக் கிடந்த தெருக்களில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது.

தைத்தது பனிநாட்டு ஜாக்கெட். உள்ளே பஞ்சு திணித்து, கழுத்துவரை ஜிப் வைத்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். தகரக் கூரைக்குக் கீழே அறுநூறு பேர் வியர்வை வழிய உட்கார்ந்து, யாரோ குளிரில் நடுங்காமல் இருக்கத் தைப்பார்கள். பஞ்சு பறந்து வந்து ஈரக் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது எல்லாரும் ஒரே நாளில் நரைத்தவர்கள் மாதிரி இருப்பார்கள்.

செக்கரக்காவின் வேலை கடைசி மேசையில். ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்கி, பட்டனை இழுத்து, பிசிறு வெட்டி, குறை இல்லை என்றால் உள்பையில் விரலகலச் சீட்டு ஒன்றை வைப்பாள். சீட்டில் இரண்டே விஷயம்: பார்த்தவரின் நம்பர், பார்த்த தேதி. முத்திரைக் கட்டையில் தேதிச் சக்கரத்தைத் திருப்பி வைத்துக் குத்த வேண்டும். நாளைக்கே ஒரு ஜாக்கெட்டில் கை கழன்று வந்தால் சீட்டைப் பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம். அவள் நம்பர் பதினாலு. அந்த நம்பர் குத்திய பீஸ் இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

முதல் வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் ஆர்டர் குவிந்தது. ஷெட்டில் பல ரகம் ஓடும், அதில் அவர்கள் கேட்ட ரகம் உயிரைக் கொடுத்தாலும் நாளொன்றுக்கு நூற்றைம்பதுக்கு மேல் வராது. கேட்டதோ நாலாயிரத்து இருநூறு, அதுவும் நாலே நாளில். அந்த வாரம் ஒரு கன்டெய்னர் வந்து பின்கூடத்தில் நின்றது. கதவைத் திறந்தால் உள்ளே முழுசாகத் தைத்து முடித்த ஜாக்கெட்டுகள். எல்லாவற்றின் கழுத்திலும் ஷெட் முதலாளியின் சொந்த நாட்டு லேபிள்.

சூப்பர்வைசர் பன்னிரண்டு பெண்களைப் பொறுக்கி எடுத்து, செக்கரக்காவைத் தலைமைக்கு வைத்தான். அவனுக்குப் பெயர் சரிசரி. மேலே இருக்கிறவர் சொன்னாலும் கீழே இருக்கிறவர் சொன்னாலும் அதையே சொல்வான். பெண்களில் ஒருத்தி செக்கரக்காவின் நாத்தனார். புருஷன் வேலைக்கென்று கடல் தாண்டிப் போனவன் இரண்டு வருஷமாகப் பேச்சு மூச்சு இல்லை. நாலு வயசுப் பெண்ணோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

பழைய லேபிளைப் பிளேடால் பிரிக்க வேண்டும். அதே ஊசி ஓட்டையில் ஊசி இறங்குகிற மாதிரி இந்த நாட்டு லேபிளைத் தைக்க வேண்டும். செக்கரக்கா அதையும் நேர்த்தியாகச் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்ததோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. மூன்றாவது ஜாக்கெட்டைக் கையில் எடுத்தவள், பழக்கத்தில் ஜிப்பை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். பாதியில் மாட்டிக்கொண்டது.

"பாத்தியா, பாத்தியா, அவங்க ஊர்ல ஒருத்தரும் பாக்கலை. எல்லாரும் கேட்டுக்கோங்க. ஜிப்பு, பட்டன், பிசிறு மூணும் பாத்துட்டு, என் சீட்டை வச்சுத்தான் மடிக்கணும்."

சரிசரி ஓடி வந்தான். "அக்கா, இந்தச் சரக்குக்குச் சீட்டெல்லாம் வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. லேபிளை மாத்தி அப்படியே பெட்டியில போடச் சொன்னாரு."

"சீட்டு இல்லாமப் பெட்டிக்குள்ள போறதுக்கு அது என்ன குப்பையா? நாளைக்கு எவனோ ஒருத்தன் பனியில நின்னுக்கிட்டு ஜிப்பு ஏறலைன்னு திட்டினா யாரைத் திட்டுவான்? நம்ம ஊர் லேபிள்தானே கழுத்துல இருக்கு?"

"சரி, சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மூன்று நாளில் முடித்தார்கள். நாலாயிரத்து இருநூறு உள்பைகளில் நாலாயிரத்து இருநூறு சீட்டுகள். எல்லாம் பதினாலாம் நம்பர். அடுத்தடுத்து மூன்றே தேதிகள்.

இரண்டு மாசம் கழித்து அந்தக் கரையில் சுங்கக்காரர் ஒருவர் ஏதோ ஒரு பெட்டியைப் பிரித்து, ஏதோ ஒரு பையில் கையை விட்டார். சந்தேகம் வந்து அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. நாளொன்றுக்கு நூற்றைம்பது தைக்கிற ஷெட்டில் ஒரே ஒருத்தி மூன்று நாளில் நாலாயிரத்து இருநூறு ஜாக்கெட் எப்படிப் பார்த்தாள் என்று கேட்டுக் கடிதம் வந்தது. கூடவே, நேரில் விசாரிக்க வியாழக்கிழமை ஆள் வருகிறது என்றும் எழுதியிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அவர் பாஷையில் நிதானமாகப் பேசினார். சரிசரி அதைத் தரையைப் பார்த்துக்கொண்டே மாற்றிச் சொன்னான். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

"ஒண்ணுமில்லைக்கா. ஜாக்கெட்டெல்லாம் இங்கதான் ஒரு மாசமாத் தச்சது. நீங்கதான் ஒரு மாசமாப் பாத்தீங்க. தேதிச் சக்கரத்தைத் திருப்ப மட்டும் மறந்துட்டீங்க. மாசத்துல மூணு தடவைதான் திருப்பியிருக்கீங்க. அவ்வளவுதான் எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து."

"நான் மறந்தேனா?"

"மறந்தீங்கன்னு சொல்லலை. மறந்தீங்கன்னு எழுதியிருக்கு."

"போடலைன்னா?"

சரிசரி மேனேஜரிடம் கேட்கவே இல்லை. அவனே சொன்னான். "போடலைன்னா ஷெட்டைப் பூட்டிக்கிட்டுப் போயிடுவாங்கக்கா. இவங்களுக்கு இன்னும் பத்து நாட்டுல இடம் இருக்கு. நமக்கு எங்க இருக்கு?"

புதன்கிழமை காலைவரை யோசித்துக்கொள் என்று அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தும் சத்தமே இல்லை. வழக்கமாகச் செக்கரக்காவை யாராவது வம்புக்கு இழுப்பார்கள், அவள் பதிலுக்குக் கொடுப்பாள், சிரிப்பு கடைசி சீட்டுவரை போகும். இன்றைக்கு அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஒருத்தி மட்டும் இறங்கும்போது அவள் தோளைத் தொட்டு, "எங்க வீட்டுல மூணு பேரும் இங்கதான்க்கா வேலை பாக்கறோம்" என்றாள்.

வீட்டில் காற்றே இல்லை. நாத்தனார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பஸ்காரர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னதான் எழுதியிருக்கு? முழுசாச் சொல்லு" என்றார்.

"ஒரு மாசமா தேதியைத் திருப்ப மறந்தவள்னு எழுதியிருக்கு."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானேவா? உங்க லைசென்ஸ்ல 'இவருக்குக் கண்ணு தெரியாது'ன்னு எழுதிக் கொடுத்தா வாங்கிப் பையில வச்சுப்பீங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதான். நாளைக்கு எந்த ஷெட்டுக்குப் போனாலும் முதல்ல என்ன கேப்பாங்க? முன்னால எங்க இருந்தே, என்ன எழுதிக் கொடுத்தாங்கன்னு. தேதி போடத் தெரியாதவளை எவன் கடைசி மேசையில உக்கார வைப்பான்? பெருக்கற வேலைக்குத்தான் கூப்பிடுவான்."

"நாளைக்கு ஏன் போறே? இந்த ஷெட்டு இருக்கற வரைக்கும் உன்னை வச்சுப்பாங்க."

"வச்சுப்பாங்க. கொஞ்ச நாளைக்கு வீட்டுல இரு, சத்தம் அடங்கினதும் கூப்பிடறோம்னு இப்பவே சொல்லிட்டாங்க."

பஸ்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார்.

"அப்ப உண்மையைச் சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி நிறுத்தினார். "சொன்னா பஸ்ஸும் போச்சு."

"உங்க பஸ் மட்டுமா?"

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பின்கூடத்துல சீட்டு வச்ச கையில என் கையும் ஒண்ணு. உண்மையைச் சொன்னா உங்களோட நிக்குமா? கூட யாரு யாரு இருந்தாங்கன்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க."

"நான் கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லலை." அவள் கண் கலங்கியது. அதற்கு வெங்காயம் காரணமில்லை. "போடாதீங்கன்னு சொல்லவும் எனக்கு வாய் வர மாட்டேங்குது. என்ன ஜென்மம் நான்."

"நீ என்னடி பண்ணுவே? சரிசரி வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்கலை. சீட்டு வைக்காம அனுப்பியிருந்தா இன்னைக்கு எவனுக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. திருட்டு வேலையை ஒழுங்காப் பண்ணணும்னு நெனச்சேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

"திருட்டுன்னு சொல்லாதே" என்றார் பஸ்காரர்.

"பின்ன என்னன்னு சொல்றது? ஒருத்தன் ஊர் லேபிளைப் பிச்சு இன்னொருத்தன் ஊர் லேபிளை வச்சது தர்மமா?"

"பெரியவங்க பண்ணா அதுக்குப் பேர் வியாபாரம். நம்ம பண்ணாத்தான் திருட்டு. நீ ஏன் முந்திக்கிட்டு அந்தப் பேரை வைக்கறே?" அவருக்கே அந்தப் பேச்சில் ருசி இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உடம்பு சரியில்லைன்னு வியாழக்கிழமை படுத்துக்கோயேன்" என்றார்.

"படுத்தா வீட்டுக்கே வருவாங்க. இல்லைன்னா நான் ஓடிட்டேன்னு எழுதிக்குவாங்க. முன்னால போனா முட்டுது, பின்னால வந்தா உதைக்குது. எந்தப் பக்கம்தான் போறது, நீங்களே சொல்லுங்க."

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. செக்கரக்காவுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட அவமானமாக இருந்தது. தைரியசாலி என்று பேர் வாங்கினவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து எழுந்து, அடுப்பைத் துடைத்து, சோற்றை வடித்து, ஆளுக்கு ஒரு முட்டை வேகவைத்தாள். சாப்பிடாமல் இருக்க முடியுமா?

புதன்கிழமை காலை கையெழுத்துப் போட்டாள். சரிசரி பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தான்.

வியாழக்கிழமை வந்தது ஒரு கண்ணாடிக்கார அம்மா, கூடவே பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு பெண். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பின்கூடத்தைக் கழுவி, பழைய மெஷின்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கடைசியில் செக்கரக்காவை உட்கார வைத்தார்கள்.

"இந்தத் தாள்ல இருக்கறது நீங்க சொன்னதுதானா?" என்று கேட்கச் சொன்னாள் அந்த அம்மா.

"ஆமாங்க."

"ஒரு மாசம் முழுக்க மறந்தீங்களா?"

"ஆமாங்க."

"ஏன் மறந்தீங்க?"

இதற்குத் தாளில் பதில் எழுதித் தரவில்லை. செக்கரக்கா கூரையைப் பார்த்தாள். "வெயில்ங்க" என்றாள்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்கும் வியர்த்துக் கொட்டியது. நம்பினாளோ இல்லையோ, கேட்க வந்தவளுக்கும் ஒரு பதில் தேவைப்பட்டது, ஒன்று கிடைத்துவிட்டது. எழுதிக்கொண்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் சிரிப்புச் சத்தம் திரும்பி வந்ததாம். பஸ்காரர் வந்து சொன்னார். செக்கரக்கா அப்போது வீட்டில் இருந்தாள்.

இரண்டு நாள் தெருவே அவள் வீட்டுக்கு வந்துபோனது. ஒருத்தி பழம் கொண்டு வந்தாள், ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாவது வாரம் யாரும் வரவில்லை. ஆறாவது வாரம், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் புதிதாகக் குடிவந்த ஒருத்தி, "இவங்கதான் தேதி போட மறந்து ஷெட்டையே கவுக்கப் பாத்தவங்களா?" என்று பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் பின்கூடத்தில் லேபிள் பிரித்தவள். அவள் பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். செக்கரக்கா வீட்டுக்கு வந்து, கிழியாத துணியையெல்லாம் எடுத்துப் போட்டுத் தைத்தாள்.

மழை பிடித்த மாசத்தில், வாங்குகிற நாடு மறுபடி கோபித்துக்கொண்டது. இந்தத் தடவை நம்மோடு. அந்த நாட்டுச் சரக்கு நம் வழியாக வருகிறதென்று சொல்லி, நம் நாட்டுச் சரக்குக்கும் அதே வரியைப் போட்டுவிட்டது. மேனேஜர் ஒரு கூட்டம்கூடப் போடவில்லை. வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பத்தே நாளில் மெஷின்களையெல்லாம் பிளாஸ்டிக் சுற்றிக் கன்டெய்னரில் ஏற்றி, வரி போடாத இன்னொரு நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தகரக் கூரை மட்டும் நின்றது.

"நீ கையெழுத்துப் போட்டும் போயிட்டான், போடாட்டியும் போயிருப்பான்" என்றார் பஸ்காரர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியது.

அறுநூறு பேரும் நாலு திசையில் அலைந்தார்கள். கடைசியில் இரண்டு மைல் தள்ளி வேறொரு வெளிநாட்டுக்காரரின் சட்டைக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று செய்தி வந்தது. பஸ்காரருக்கு முதல் நாளே அங்கே பஸ் கிடைத்துவிட்டது. அடுத்த நாள் அதே பஸ்ஸில் செக்கரக்காவும் நாத்தனாரும் போய், மழையில் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு உறை கையில். பழைய ஷெட்டில் கொடுத்த வேலைச் சான்று அது.

ஆள் எடுக்கிறவர் வயசானவர். ஒரு காலத்தில் அவரும் மெஷினில் உட்கார்ந்தவர் என்பது விரல் தழும்பிலேயே தெரிந்தது. பத்துச் சட்டையை முன்னால் போட்டு, "குறை இருக்கறதை எடுத்து வைங்க" என்றார். செக்கரக்காவின் கை ஐந்து மாசப் பசியோடு இறங்கியது. எட்டுச் சட்டையைத் தனியாக வைத்தாள்.

"குறையோட ஏழுதான் நாங்க வச்சது" என்றார் அவர்.

"இதுல காலர் உள்பக்கம் ஒரு தையல் விட்டுப் போயிருக்கு சார். துவைச்சா தெரியும்."

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "உங்களை விடக் கூடாதே" என்று சொல்லிக்கொண்டே உறையைப் பிரித்தார். படித்தார். சிரிப்பு போய்விட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பதினாலாம் நம்பர் நீங்கதானா?"

"ஆமா சார்."

"மறதி, கவனக்குறைவுன்னு போட்டிருக்கான். உங்க கையெழுத்துப் போட்ட தாளோட நகலையும் வச்சிருக்கான். அம்மா, நானும் இந்தத் தொழில்ல முடி நரைச்சவன். இந்தக் கை மறக்காது. நிஜமா என்ன நடந்தது?"

ஐந்து மாசமாக இதை யாரும் கேட்கவில்லை.

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"மறைக்காமச் சொல்லிடறேன். லேபிள் மாத்தின வேலையில இருந்தவங்க யாரையும் எடுக்கக் கூடாதுன்னு எங்ககிட்ட வாங்கறவங்க கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. நீங்க மறக்கலைன்னா, அது லேபிள் மாத்தின சரக்கு. அப்ப உங்களையும் எடுக்க முடியாது. கூட இருந்த பேரையும் நான் கேட்டு எழுதணும்."

"மறந்துட்டேன்னா?"

"மறந்தவளைக் கடைசி மேசையில உக்கார வைக்க முடியாது. நீங்க மட்டும் போகணும்."

கதவுக்கு வெளியே மழையின் சத்தம். வரிசையில் இவளுக்கு அடுத்து நின்றவள் நாத்தனார். அவளுக்குப் பின்னால் பின்கூடத்துப் பெண்கள் ஐந்தாறு பேர், தலையில் பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். உள்ளே போன அக்கா சீக்கிரம் வந்தால் தேவலை என்று அவர்களுக்கு இருக்கும்.

"மறந்துட்டேன் சார்" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். பிறகு ஒரு பதிவேட்டைத் திறந்து, ஏதோ ஒரு வரி எழுதி, அவள் பக்கம் திருப்பி வைத்தார். "வந்துட்டுப் போனதுக்குக் கையெழுத்துப் போடுங்கம்மா. பக்கத்துல தேதி."

கையெழுத்துப் போட்டாள். தேதிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். அன்று என்ன தேதி, என்ன கிழமை, ஷெட் மூடி எத்தனை நாள் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. தலையை நிமிர்த்தினாள்.

"இன்னைக்கு என்ன தேதிங்க சார்?" என்று கேட்டாள்.